மையம் தவறினால் பாகை எதற்கு?

எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தொழிற்சாலை ஒன்றில் நெடுங்காலம் டர்னராக உழைத்து ஓய்வு பெற்றபின், வீட்டுத் திண்ணையையே பட்டறையாக மாற்றிக்கொண்ட திருவொற்றியூர் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். தம் சிறிய லேத்திலிருந்து கழற்றிய 100 மி.மீ. மூன்று தாடைச் சக்கை, மில்லிங் யந்திரத்தின்மீது வைக்கும் ரோட்டரி டேபிளில் பூட்டும்பொருட்டு, காயலான் கடையில் எடுத்த வார்ப்பிரும்புத் துண்டைக் கடைந்து அவரே ஓர் அடாப்டர் செய்துகொண்டார். டேபிளோடு வந்த விளம்பரத்தாளில் 10 விநாடி வரை கோணம் பிரிக்கலாம் என்று அச்சிட்டிருந்ததை நம்பி, ஒரு மாட்யூல் அளவில் 60 பல் கொண்ட கியர் ஒன்றையும் வெட்டினார். அதை ஜோடிக் கியரோடு கோத்துச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகி, அதற்கு நேரெதிர் இடத்தில் தளர்ந்து ஓடுகிறதாம். பிழை டேபிளிலா, அடாப்டரிலா என்பது அவர் வினா.

டேபிளின் மீது குற்றமில்லை என்றே கருதுகிறேன். அடாப்டரையும் அவர் கவனக்குறைவாகச் செய்தவரல்லர். கடிதத்தில் கண்ட அளவுகளெல்லாம் தேர்ந்த கையின் அளவுகள். குற்றம் இரண்டுக்கும் நடுவே, மிக இறுக்கமாகச் செய்யப்பட்ட ஒரு பொருத்தத்தில் ஒளிந்திருக்கிறது. எனினும், அதற்குமுன் அந்த விளம்பரத்தாளைப் பற்றிச் சில வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ரோட்டரி டேபிளின் வயிற்றில் 90 பல் கொண்ட சக்கரமும், அதைத் தள்ளும் ஒற்றைப்புரித் திருகாகிய வார்மும் இருக்கின்றன. கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் மேசை 4 பாகைதான் நகரும். கைப்பிடியில் ஒரு பாகை தவறினாலும் மேசையில் அது 40 விநாடியாகச் சுருங்கிவிடும். பிழையைத் தொண்ணூறால் வகுத்துத் தருகிற இந்த ஏற்பாடு உண்மையிலேயே மெச்சத்தக்கது. ஆனால் வகுபடுவது கோணப்பிழை மட்டுமே. மேசையின் சுழல் மையமும் அதன்மீது அமர்ந்திருக்கும் பொருளின் மையமும் ஒன்றாக இல்லாவிட்டால், அந்த விலகலை எந்த வார்மும் வகுத்துக் குறைப்பதில்லை. நம் வாசகரின் கியருக்கு ஆரம் 30 மி.மீ. மூன்று தாடைச் சக்கில் பிடித்த பொருளின்மேல் டயல் வைத்துச் சுற்றும்போது முள் மொத்தம் 0.1 மி.மீ. ஆடுவது, ஓரளவு உழைத்த சக்குக்குச் சாதாரணம். முள்ளின் மொத்த ஆட்டத்தில் பாதியே மைய விலகலாதலால் அதை 0.05 என்று கொள்வோம். விலகலை ஆரத்தால் வகுத்தால் அறுநூறில் ஒரு ரேடியன், அதாவது ஏறக்குறைய 344 விநாடி. பத்து விநாடியை வாக்களித்த யந்திரத்தின்மேல் முந்நூற்று நாற்பத்துநான்கு விநாடிப் பிழையை நாமே சுமத்தியிருக்கிறோம். விளம்பரம் பொய்யென்று சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்டதே பெரிய பகுதி என்கிறேன்.

இந்தப் பிழையின் சுபாவம் கவனிக்கத்தக்கது. துளைக்கும் கருவி அசையாமல் நிற்க, மேசை தன் அச்சில் திரும்பிக்கொடுப்பதால், வெட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி மேசையின் மையத்தைப் பொறுத்தமட்டில் சமமாகவே இருக்கும். வெட்டுகளின் வட்டம் முழுவதுமாகப் பொருளின்மேல் ஒருபுறம் ஒதுங்கியிருக்கும், அவ்வளவே. காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் புரொப்பெல்லர் தண்டுக்கு ராயபுரத்துப் பட்டறையில் கப்ளிங் பிளாஞ்சு துளைத்தால், ஜோடிப் பிளாஞ்சில் போல்ட்டுகளெல்லாம் தடையின்றி இறங்கிவிடும். தண்டு சுழலும்போதுதான் இரண்டு அச்சுகளும் விலகி நிற்பது அதிர்வாகத் தெரியும். கியரிலோ, ஒருபுறத்துப் பற்கள் சற்று உயர்ந்தும் எதிர்ப்புறத்துப் பற்கள் சற்று ஆழ்ந்தும் நின்று, வாசகர் எழுதிய அதே இறுக்கமும் தளர்வுமாக வெளிப்படும்.

பட்டறைக்குள் நுழையுமுன் சரித்திரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்து, 1777-இல் அதன் வர்ணனை நூலாக வெளிவந்த வட்டப் பிரிப்பு யந்திரம், 45 அங்குல விட்டமும் 2160 பற்களும் கொண்ட சக்கரத்தை ஒரு திருகால் நகர்த்தியது. திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 10 நிமிடக் கோணம் திரும்பும். நம் ரோட்டரி டேபிளின் பாட்டனார் அதுவே. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு வந்த தியோடலைட், வில்லியம் கேரி செய்தது; அதன் பாகை வட்டம் 36 அங்குலம், எடை அரை டன். 1808-இல் தஞ்சைக் கோயில் கோபுரத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி வட்டம் நெளிய, லாம்ப்டன் அதைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய் ஆறு வாரம் உழைத்துச் சீராக்கினார். இத்தகைய கருவிகளில் பாகை வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்ணோக்கிகளைப் பொருத்துவதற்கு ஒரு காரணம் உண்டு: மையம் விலகியிருந்தால் ஒன்று எவ்வளவு கூட்டிக் காட்டுகிறதோ மற்றது அவ்வளவு குறைத்துக் காட்டும், இரண்டின் சராசரியில் பிழை அழிந்துவிடும். வெட்டிய கியருக்கு அப்படிச் சராசரி எடுக்க வழியில்லையாதலால், மையத்தை முன்கூட்டியே சரிசெய்துகொள்வது தவிர்க்க முடியாதது.

இனி அடாப்டர். அது ஏன் வேண்டியிருக்கிறது என்பதை லேத் அறிந்தவர்கள் உடனே காண்பார்கள். சக்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் அதன் முதுகுப்புறத்திலிருந்து ஏறுகின்றன. மேசையின் டி-ஸ்லாட் போல்ட்டுகளோ கீழிருந்து மேல்நோக்கி நிற்கின்றன. இரண்டும் நேரடியாகச் சந்திக்க வகையில்லை. எனவே நடுவே ஒரு தட்டு. 100 மி.மீ. சக்கின் முதுகில் 72 மி.மீ. விட்டமுள்ள ஆழமற்ற குழியும், 84 மி.மீ. வட்டத்தில் மூன்று எம்-8 புரித்துளைகளும் இருப்பது வழக்கம். 150 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. கனமும் கொண்ட தட்டின் மேல்முகத்தில், அந்தக் குழிக்குள் அமரும் தாழ்ந்த மேடு ஒன்றைக் கடைய வேண்டும். அடிப்புறத்தில் ஆலன் போல்ட் தலைகள் புதைவதற்குக் குழிகள் வேண்டும். சக்குக்கு வெளியே எஞ்சும் 25 மி.மீ. வளையத்தில் டி-போல்ட்டுகளுக்குத் துளைகள் வேண்டும். தட்டின் நடுவில், மேசையின் மையத் துளைக்குள் இறங்கும் முளை ஒன்று. வாசகர் செய்ததும் இதுவே.

இங்கே இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன: இடத்தை நிர்ணயிப்பது ஒன்று, நிர்ணயித்த இடத்தில் பிடித்து வைப்பது மற்றொன்று. நம் வீடுகளில் முன்பு இருந்த திரிகையை நினைத்துப்பார்த்தால் இது தெளிவாகும். கீழ்க்கல்லின் நடுவில் நிற்கும் முளை, மேற்கல் எங்கே சுழல வேண்டும் என்பதைச் சொல்கிறது. விளிம்பிலுள்ள கைப்பிடி அதைச் சுற்றவைக்கிறது. மேற்கல்லின் பாரம் அதை அழுத்திப் பிடிக்கிறது. முளை தேய்ந்து ஆடினால் மேற்கல் ஒதுங்கி, ஒருபுறம் நொய்யும் மறுபுறம் மாவுமாக விழும். அப்போது கைப்பிடியை மாற்றியோ, கல்லின்மேல் பாரம் ஏற்றியோ பயனில்லை. வீட்டிலிருந்த மூதாட்டி முளையில் துணி சுற்றி மேற்கல்லை மறுபடி இறக்குவாள். அந்தத் துணியே பட்டறையில் ஷிம். கைப்பிடிக்குக் கோணம் குறித்து, 10 விநாடி நுட்பமென்று ஒரு விளம்பரத்தாளையும் அத்திரிகையோடு சேர்த்து விற்றிருந்தால்கூட, அவள் முதலில் முளையைத்தான் தொட்டுப் பார்த்திருப்பாள். போல்ட்டை இறுக்கினால் மையம் சேரும் என்று எண்ணுவது, பாரத்தை ஏற்றினால் முளை நிமிரும் என்று எண்ணுவதற்கு நிகர்.

அந்த மேட்டைக் கடைகிற முறைகளில் ஒன்று, எத்தனை முறை யோசித்தாலும் மகிழ்ச்சி தருகிறது. தட்டை லேத்தில் பிடித்துக் கடைந்தால், லேத்தின் அச்சுக்கு மேடு சரியாக இருக்கும். மேசைக்கு மாற்றும்போது அந்த உறவு அறுந்துவிடும். அதற்குப் பதிலாக, மேடு கடையாத தட்டை முதலிலேயே ரோட்டரி டேபிளின்மேல் இறுகப் பூட்டி, மில்லிங் யந்திரத்தின் எண்ட்மில்லை ஓரிடத்தில் நிறுத்தி, கைப்பிடியை மெல்லச் சுற்றி மேசையையே திருப்பினால், சுழலும் தட்டு தானாக வந்து கத்தியில் உரசி வட்டமாக வெட்டுப்படுகிறது. தட்டு மேசையின்மேல் எவ்வளவு கோணலாக வைக்கப்பட்டிருந்தாலும் சரி. பிறக்கிற மேட்டின் மையம் மேசையின் சுழல் மையத்தைத் தவிர வேறோர் இடத்தில் இருக்கவே முடியாது. எந்த அச்சில் பின்னால் சுழலப்போகிறதோ, அந்த அச்சே அதைக் கடைந்துகொடுக்கிறது. தட்டின் மேல்முகத்தையும் அதே பிடிப்பில் மட்டம் தட்டிவிட்டால், சக் சாய்ந்து அமரும் கவலையும் நீங்கும். மேசையைக் கத்தியின் ஓட்டத்துக்கு எதிராகவே திருப்ப வேண்டும். கத்தியோடு சேர்ந்து திருப்பினால், வார்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள ஓட்டையளவுக்கு மேசை முன்னால் இழுபட்டு, பல் பதிந்துவிடும். மேசையின் பூட்டைச் சற்றே உரசும்படி வைத்துக்கொள்வதும் நலம்.

இப்படிக் கடைந்த மேடு அப்பழுக்கற்றதாயினும் கியர் சரியாகிவிடாது. ஏனெனில் சக் தன் சொந்தப் பிழையைத் தன்னோடு கொண்டுவருகிறது. மூன்று தாடைகளையும் ஒருசேர நகர்த்தும் சுருட்பாதை, அதிகம் பிடித்துப் பழகிய விட்டத்தில் தேய்ந்தும் மற்ற இடங்களில் தேயாமலும் இருக்கும். அதனால் 20 மி.மீ. தண்டில் முள் ஆடுகிற ஆட்டம் வேறு, 50 மி.மீ. தண்டில் ஆடுகிற ஆட்டம் வேறு. தானே மையம் பிடிக்கும் சக் என்று அதற்கு வழங்கும் பெயரை, ஏறக்குறைய என்ற சொல்லையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வாசகரின் அடாப்டரில் மேலே மேடும் கீழே முளையும் நூலிழை இடமின்றி இறுக்கமாக அமர்ந்திருக்கின்றன. ஆகவே சக்கின் பிழையும், மேட்டின் பிழையும், முளையின் பிழையும் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து, திருத்த வழியில்லாமல் பூட்டப்பட்டுவிட்டன. சிறந்த கைத்திறனே இங்கே சிறையாகிவிட்டது.

முளையை 0.4 மி.மீ. சிறுத்துக் கடைந்துவிடும்படி அவருக்குச் சொல்லுவேன். டி-போல்ட் துளைகளையும் ஒரு மில்லிமீட்டர் அகலப்படுத்தட்டும். சக் தட்டோடு நிரந்தரமாக இறுகியிருக்கட்டும். தட்டு மட்டும் மேசையின்மேல் நகரத் தக்கதாக இருக்க வேண்டும். வெட்டவேண்டிய விட்டத்துக்கு ஒத்த, கிரைண்ட் செய்த உருளை ஒன்றைத் தாடைகளில் பிடித்து, டயலின் முள்ளை அதன்மேல் பதித்து, டி-போல்ட்டுகளைக் கைவலுவில் மட்டும் திருகிவைத்து, மேசையை ஒரு சுற்றுச் சுற்றி முள் மிக உயர்ந்து நிற்கும் இடத்தைக் காண்க. அந்த இடத்தில் தட்டின் விளிம்பைச் செப்புச் சுத்தியால் மெல்லத் தட்டி, முள்ளின் மொத்த ஆட்டத்தில் பாதியளவு மட்டும் திரும்பச் செய்க. முழு ஆட்டத்தையும் திருப்பினால் மையம் மறுபுறத்துக்கு அதே அளவு தாண்டிவிடும் என்பதே புதியவர்கள் இடறுகிற இடம். இதையே இரண்டொரு முறை செய்தால் முள் நூறில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும். பிறகு போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கொஞ்சங்கொஞ்சமாக இறுக்கி, இறுகியபின் மீண்டும் முள்ளைப் பார்க்க வேண்டும்; இறுக்கும்போதே தட்டு நழுவுவதுண்டு.

முளையைத் தளர்த்தினால் வெட்டும்போது தட்டு நகர்ந்துவிடாதா என்று ஒரு நியாயமான சந்தேகம் எழும். நன்றாக இறுக்கிய எம்-8 போல்ட் ஒன்று, 8.8 தரமாயின், ஏறக்குறைய ஒன்றரை டன் பலத்தோடு தட்டை அழுத்துகிறது. நான்கு போல்ட்டுக்கு ஆறு டன். இரும்புக்கு இரும்பு உராய்வு எண்ணை 0.15 என்று வைத்தாலும், தட்டைப் பக்கவாட்டில் தள்ள 900 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். திண்ணைப் பட்டறையில் ஒரு மாட்யூல் கியர் வெட்டும் விசை அதற்கு வெகுதூரம் கீழே நிற்கும்.

லேத்தில் கடைந்த கியர்த் தட்டைத் தாடையிலிருந்து கழற்றாமலே மேசைக்கு மாற்ற விரும்புகிறவர்களுக்கு மற்றொரு வழி உண்டு. லேத் ஸ்பிண்டிலின் மூக்கை, அதன் புரி, தோள், கழுத்து விட்டம் எல்லாவற்றோடும், அடாப்டரின்மேல் அப்படியே பிரதி செய்துவிட்டால், சக்கைப் பொருளோடு சேர்த்துக் கழற்றி அங்கே ஏற்றலாம். சுருட்பாதையின் பிழை அந்தப் பொருளில் முன்பே கடைந்து நீக்கப்பட்டுவிட்டது. புரி இழுத்துப் பிடிக்க மட்டுமே. மையம் தருவது கழுத்தும் தோளும் என்பதை மறந்து புரியை மட்டும் இறுக்கமாக வெட்டுகிறவர்கள் ஏமாறுவார்கள். மில்லிங்கின் தட்டும் அதிர்வும் புரியைத் தளர்த்தக்கூடுமாதலால், சக்கைத் தடுத்து நிறுத்த ஒரு பூட்டும் அவசியம். மாற்றியபின்னும் டயலைத் தொட்டுப் பார்த்து, மேற்சொன்னபடி தட்டை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

நான்கு தாடைகளும் தனித்தனியே நகரும் சக் இருந்தால் இவ்வளவும் வேண்டாமே என்று கேட்கலாம். உண்மை, மையத்தை அங்கே தாடைகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே அளவில் பல கியர்கள் வெட்டுகிறவருக்கு, ஒவ்வொன்றுக்கும் நான்கு தாடைகளை ஒட்டி விலக்கி முள்ளைப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். மூன்று தாடைச் சக்கும் நகரும் தட்டும் இருந்தால், அந்த விட்டத்துக்கு ஒருமுறை மையம் சேர்த்துவிட்டு, இடையிடையே ஒரு துண்டில் முள்ளை வைத்துச் சோதித்துக்கொண்டே அன்றைய வேலை முழுவதும் வெட்டிக்கொண்டு போகலாம்.