புள்ளி இருக்கிறது, பிள்ளை எங்கே?

2024 மார்ச் 2, சனிக்கிழமை. புதுச்சேரி முத்தியால்பேட்டையின் சோலை நகரில் வீட்டுக்கு அருகே விளையாடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள். நான்காம் நாள், மார்ச் 5 அன்று, வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கழிவுநீர் வாய்க்காலில் அவளுடைய உடல் கிடைத்தது. அதே பகுதியைச் சேர்ந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். புதுச்சேரியே கொதித்துத் தெருவுக்கு வந்தது. மார்ச் 8 அன்று முழு அடைப்பு நடந்தது. அந்தச் சிறுமியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுத மனம் வராது.

அந்த மாதத்துக்குப் பிறகு இந்த ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களின் பேச்சு மாறிவிட்டது. பள்ளி வாசலிலும் கோயில் வரிசையிலும் "நீங்க வாட்ச் வாங்கிட்டீங்களா?" என்ற கேள்வி காதில் விழுகிறது. நேரு வீதியில் ஒரு செல்போன் கடையில் நின்றிருந்தபோது, சீருடை போட்ட மகளின் கையைப் பிடித்தபடி ஒரு தாய் கேட்டார்: "அண்ணே, இவ கிளாஸ் ரூம்குள்ள இருந்தாலும் காட்டுமா?" கடைக்காரர் தயங்கவே இல்லை. "சிம் போட்டுட்டா போதும்மா, எங்க இருந்தாலும் மேப்ல காட்டிடும்." இளஞ்சிவப்புப் பட்டை, சின்னக் கேமரா, பக்கவாட்டில் எஸ்ஓஎஸ் பட்டன். பெட்டி கைமாறியது. அந்தத் தாயின் பயம் முழுக்க நியாயமானது. அதற்குக் கடையில் கிடைத்த பதில்தான் அரைகுறை.

குழந்தைகளுக்கான ஜிபிஎஸ் வாட்சுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. கண்டுபிடித்ததைப் பெற்றோரின் போனுக்கு அனுப்புவது அடுத்தது. முதல் வேலைக்குத்தான் ஜிபிஎஸ் வேண்டும். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கிலிருந்து சிக்னல் கிடைத்தால் வாட்ச் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுங்கடித்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். அந்தத் தடையை எடுத்த பிறகுதான் இந்தத் தொழில்நுட்பம் சாதாரண மனிதரின் கைக்கு வந்தது. இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில், திறந்த வானத்தின் கீழே நின்றால், ஐந்து பத்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும்.

அதே வாட்ச் கான்கிரீட் கூரைக்குக் கீழே போனால் கதை வேறு. அவ்வளவு உயரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் இரண்டு மாடித் தளங்களைத் தாண்டி உள்ளே வராது. அப்போது அது பக்கத்தில் இருக்கும் வைஃபை இணைப்புகளை வைத்து ஊகிக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் செல்போன் டவரை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும். டவர் கணக்கு சில நூறு மீட்டர் விலகும், சமயத்தில் அதைவிடவும் கூடுதலாக. முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் சந்துகளைப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு ஸ்கூட்டர் போனால் எதிரே வருபவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அகலம். சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை வைத்துக் கணக்குப் போடும்போது, பிள்ளை அடுத்த தெருவில் இருப்பதாக மேப் காட்டும். உங்கள் போனில் தெரியும் புள்ளி என்னவோ எல்லா நேரமும் ஒரே மாதிரிதான் பளிச்சென்று இருக்கும். அதைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் அதைக் கவனியுங்கள். வட்டம் பெரிதாக இருந்தால் பிள்ளை அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். புள்ளிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நேரமும் இருக்கும். அது நாற்பது நிமிடத்துக்கு முந்தைய நேரமாக இருந்தால், நீங்கள் பார்ப்பது பிள்ளை இருந்த இடம், இப்போது இருக்கும் இடம் இல்லை.

இரண்டாவது வேலையிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. விலை குறைந்த பல வாட்சுகள் 2ஜி மட்டுமே எடுக்கும். ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் வாட்ச் ஊமை. ரீசார்ஜ் தீர்ந்தாலும் ஊமை. நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பச் சொன்னால் மாலை பள்ளி விடும் நேரத்துக்கு, அதாவது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்துக்கு, பேட்டரி படுத்துவிடும். வாங்கியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் ஒருவர் வாட்சைக் கட்டிக்கொண்டு பள்ளி, டியூஷன், பாட்டி வீடு என்று பிள்ளை போகும் வழியிலெல்லாம் நடக்கட்டும். இன்னொருவர் வீட்டிலிருந்து போனைப் பார்க்கட்டும். எந்தத் திருப்பத்தில் புள்ளி தொலைகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். முழு சார்ஜ், நல்ல சிம், துல்லியமான புள்ளி. சோலை நகரில் அந்தச் சனிக்கிழமை அந்தச் சிறுமியின் கையில் அப்படியொரு வாட்ச் இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க விரும்பவில்லை. இந்த ஊரில் வாட்ச் வாங்கும் ஒவ்வொருவர் மனதிலும் அதுதான் இருக்கிறது. தேடுவதற்கு உதவியிருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் ஆபத்து அவள் வசித்த பகுதியிலேயே இருந்தது. புள்ளி நம் பகுதியில்தான் இருக்கிறது என்று பார்த்ததும் எந்தத் தாய்க்கும் மூச்சு சீராகும், அப்படித்தான் ஆகும். வீட்டைச் சுற்றி ஆப்பில் எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தாலும், அந்தக் கோட்டைத் தாண்டாதவரை மணி அடிக்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன: குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். பிள்ளை எங்கே இருக்கிறது என்பதைத்தான் வாட்ச் சொல்லும். யாருடன் இருக்கிறது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர்கள் மனிதர்கள்தான். முதலில் அந்தப் பிள்ளையே. "தெரியாதவங்க கூப்பிட்டா போகாதே" என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். அது போதாது. "தெரிஞ்சவங்க கூப்பிட்டாலும் எங்கிட்ட சொல்லிட்டுப் போ" என்பதையும், "யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா அதைத்தான் முதல்ல சொல்லணும்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளையை "நீ ஏன் அங்க போனே?" என்று அதட்டாமல் கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அடுத்தது தெரு. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளை யாருடன் போகிறது என்று பார்த்த பெரியவர்கள் முன்பு இருந்தார்கள். இப்போது எல்லோரும் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கிறோம். அடுத்தது பள்ளி. காலையில் வருகைப்பதிவு எடுத்ததும், வராத பிள்ளையின் வீட்டுக்கு அரை மணி நேரத்துக்குள் ஒரு போன் போனால், பல ஆயிரம் ரூபாய் வாட்ச் செய்வதைவிடப் பெரிய வேலை அது. எத்தனை பள்ளிகள் இதைத் தவறாமல் செய்கின்றன என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

வாட்சே ஆபத்தாக மாறிய கதையும் உண்டு. 2017 அக்டோபரில் நார்வே நுகர்வோர் மன்றம் நான்கு வகைக் குழந்தை வாட்சுகளைச் சோதித்தது. சிலவற்றில் முன்பின் தெரியாதவர் உள்ளே புகுந்து குழந்தையின் இருப்பிடத்தைப் பார்க்கவும், குழந்தையிடம் பேசவும், பெற்றோருக்குப் பொய்யான இடத்தைக் காட்டவும் முடிந்தது. அடுத்த மாதமே ஜெர்மனி, சுற்றிலும் நடக்கும் பேச்சை ரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட குழந்தை வாட்சுகளைத் தடைசெய்து, வாங்கியவர்கள் அவற்றை அழித்துவிட வேண்டும் என்றது. வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைப் பெற்றோர் அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. 2019இல் இணையப் பாதுகாப்பு நிறுவனமான அவாஸ்ட் ஆராய்ந்தபோது, ஒரே சீன நிறுவனத்தின் சுமார் ஆறு லட்சம் டிராக்கர்கள் 123456 என்ற கடவுச்சொல்லோடு உலகம் முழுக்கத் திறந்து கிடந்தன. புதிய வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. ஒட்டுக்கேட்கும் வசதி இருந்தால் அந்த மாடலை வாங்காதீர்கள்.

நம் சட்டம் மெதுவாக வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நிறுவனங்கள் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பிள்ளையின் பாதுகாப்புக்காக இருப்பிடம் பார்ப்பதற்கு 2025 நவம்பரில் வந்த விதிகள் விலக்கு தருகின்றன. இவை முழுமையாக நடைமுறைக்கு வர 2027 ஆகும்.

வாட்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லாஸ்பேட்டையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஆட்டோவிலும் ஸ்டூடண்ட் பஸ்ஸிலும் ஏறி டவுனுக்குப் படிக்க வரும் பிள்ளை, பள்ளியில் இறங்கிவிட்டதா என்று வேலையிடத்திலிருந்து பார்க்க முடிவது பெரிய நிம்மதி. ஆட்டிசம் அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை கதவு திறந்திருந்தால் நடந்து போய்விடும். பெயர் கேட்டாலும் சொல்லத் தெரியாது. அந்தக் குடும்பங்களுக்கு இது ஆடம்பரமே இல்லை, அவசியம். அரசே வாங்கித் தர வேண்டிய பொருள் என்பேன்.

கூட்டம் என்றால் இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. காணும் பொங்கலன்று சென்னை மெரினாவில் போலீசார் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். பேட்டரியும் வேண்டாம், டவரும் வேண்டாம். கண்டெடுத்தவர் ஒரு போன் செய்தால் போதும். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடும் கூட்டத்துக்கும், புத்தாண்டு இரவு கடற்கரைச் சாலைக்கும் பிள்ளையோடு போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு பேனாவால் கையில் எண்ணை எழுதிவிடலாம்.

வளரும் பிள்ளையின் பக்கத்தையும் கேட்க வேண்டும். லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் பையன். வாட்சில் அம்மா தன்னைப் பார்க்கிறாள் என்று அவனுக்கு ஒருநாள் தற்செயலாகத் தெரிந்தது. மறுநாள் வாட்ச் நண்பனின் பையில் டியூஷனுக்குப் போனது. அவன் கிரிக்கெட்டுக்குப் போனான். பிடிபட்டபோது அழவில்லை. "நீ பாக்குறது தப்பில்லமா. சொல்லாம பாக்குறியே, அதான்" என்றான். அந்த அம்மா நல்ல காரியம் செய்தார். பள்ளிக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் மட்டும் பார்ப்பேன், விளையாட்டு மைதானத்தில் பார்க்க மாட்டேன், ஒன்பதாம் வகுப்பில் கழற்றிவிடலாம் என்று அவனோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்தார். ஒளித்துப் பார்க்கும் பெற்றோரிடம் பிள்ளையும் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அப்படிக் கற்றுக்கொண்ட பிள்ளை, உண்மையாகவே ஏதாவது நடந்த அன்று வாயைத் திறக்காது. என் பெரிய பயம் அதுதான்.

கடைசியாக, இந்த ஊரின் வரைபடம். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம்; அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை இப்படித் துண்டுதுண்டாகத்தான் இருக்கிறது. பிள்ளையின் புள்ளி பத்து நிமிட நடையில் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். "எங்க லிமிட் இல்லை, அங்க போங்க" என்று எந்தக் காவல் நிலையத்திலாவது சொன்னால் ஏற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவுசெய்ய வேண்டும். "எங்கேயாவது விளையாடிட்டு இருக்கும், ராத்திரி வரைக்கும் பாருங்க" என்று சொன்னாலும் ஏற்காதீர்கள். குழந்தைகள் உரிமை அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தையைக் காணவில்லை என்ற ஒவ்வொரு புகாரிலும் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்ய வேண்டும், அதைக் கடத்தலாகவே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும். அவசர உதவிக்கான 112, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய இரண்டு எண்களையும் உங்கள் போனில் மட்டும் வைக்காதீர்கள். பிள்ளைக்கு உங்கள் எண்ணோடு சேர்த்து மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். காணவில்லை என்று தோன்றிய முதல் நிமிடமே கூப்பிடுங்கள். புகாரின் நகலைக் கையில் வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.