கழுதையை இடித்துத் தள்ளியதா கூகுள் கார்? தெருக் கேமராவில் சிக்கிய கலாட்டாக்கள்!

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் ஒரு மண் சாலை. அந்த வழியாகப் போன கூகுள் கார் ஒரு கழுதையை இடித்துவிட்டது என்று 2013 ஜனவரியில் இணையமே கொந்தளித்தது. ஆதாரம்? கூகுள் மேப்ஸில் இருந்த படங்களேதான்! ஒரு படத்தில் கழுதை நிற்கிறது. அடுத்த படத்தில் புழுதியில் கிடக்கிறது.

கடைசியில் கூகுளே விளக்கம் சொன்னது. எல்லோரும் படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்திருக்கிறார்கள்! உண்மையில், கழுதை முதலில் சாலையில் ஹாயாகப் படுத்திருந்தது. கார் வந்ததும் எழுந்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 மே மாதம் அமெரிக்காவின் 5 நகரங்களில் தொடங்கிய 'ஸ்ட்ரீட் வியூ', வீடியோ அல்ல. கார் கூரையில் உள்ள கேமரா, போகிற வழியில் அடுத்தடுத்து எல்லாத் திசைகளையும் படமெடுக்கும். அவற்றை ஒட்டி 360 டிகிரி காட்சியாக்குவார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே என்ன நடந்தது என்பதை நாம்தான் கற்பனை செய்துகொள்கிறோம்.

கேமராவுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரும் அப்படித்தான். மனித முகங்களை அதுவே கண்டுபிடித்து மங்கலாக்கிவிடும். 2016-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஆற்றங்கரையில் நின்ற ஒரு பசு மாட்டின் முகத்தையும் மறைத்துவிட்டது! 'மாட்டின் அந்தரங்கமும் காக்கப்பட்டது' என்று உலகமே சிரித்தது.

கார் வருவது தெரிந்தால் சும்மா இருப்பார்களா? ஜப்பானின் முசாஷினோ நகரில் நடைபாதையில் வரிசையாகப் புறா முகமூடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். நார்வேயின் பெர்கன் நகரில் இரண்டு பேர், ஆழ்கடல் நீச்சல் உடையோடு காரை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2008-ல் இரண்டு கலைஞர்கள் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர்வலம், மாரத்தான், வாள் சண்டை என்று ஒரு சந்தையே திருவிழாவாக்கினார்கள். கூகுள் காரும் சம்மதித்து வந்து படமெடுத்தது.

இவர்கள் எல்லாம் தெரிந்தே போஸ் கொடுத்தவர்கள். தெரியாமல் சிக்கியவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. கனடாவில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் படம், சங்கடமான கோணத்தில் பதிவாகிவிட்டது. முகம் மங்கலாக இருந்தும், வீட்டை வைத்து அவரை அடையாளம் கண்டுவிட்டார்கள். வழக்குப் போட்டார். 2014-ல் நீதிமன்றம் அவருக்கு 2,250 டாலர் இழப்பீடு தரச் சொன்னது.

இந்தியாவில் 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் இந்த வசதி வந்தது. ஒருமுறை உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள். உங்கள் முகமோ, வீடோ, வண்டி எண்ணோ தெளிவாகத் தெரிந்தால், அந்தப் படத்தின் மெனுவில் இருக்கும் புகார் வசதி மூலம் மறைக்கச் சொல்லலாம். ஆனால், யோசித்துச் செய்யுங்கள். மறைத்ததை மறுபடி தெளிவாக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு விநோதப் படம் வந்தால், ஃபார்வர்ட் செய்யும் முன் மேப்பில் அந்த இடத்துக்குப் போய், முன்னும் பின்னும் நாலு அம்புக்குறியைத் தட்டிப் பாருங்கள். கழுதை எழுந்து நின்றுகொண்டிருக்கலாம்!