கொட்டிலுக்கு ஒரு ஜெனரேற்றர்: கடன்பட முன் ஒரு கணக்கு

ஜாம் போத்தல் விளக்கை எம்மவர் இலகுவில் மறக்கமாட்டார்கள். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரி கோத்து எரித்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். சூப்பிப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டு விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடினோம்.

இன்று கடைகளில் ஒருவர் தூக்கக்கூடிய ஜெனரேற்றர்கள் உண்டு. உறவினர் காணியில் கொட்டில் போட்டிருப்போருக்கும், மீளக்குடியமர்ந்தும் தோட்டக் கிணற்றடிக்கு மின்கம்பி வராதோருக்கும் அது பெரிய உதவிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்து ஊர்கள் இருளில் கிடந்தபோது, அதன் அருமை இன்னும் பலருக்குத் தெரிந்தது. ஆனால் நகையை அடைவு வைத்து வாங்கிவிட்டு, எண்ணெய் விடக் காசின்றி மூலையில் போட்டு மூடிவைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. கடைக்குப் போகமுன் ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலும் எடுங்கள்.

முதலில், எதற்காக வாங்குகிறீர்கள்? 9 வாற் எல்.ஈ.டி. மின்குமிழ் நான்கு, ஒரு காற்றாடி, றேடியோ, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ்: எல்லாம் சேர்ந்தாலும் 150 வாற்றைத் தாண்டாது. தண்ணீர் மோட்டார் வந்தால்தான் கணக்கு மாறுகிறது. ஒரு குதிரைவலு என்பது 746 வாற். ஆனால் அந்த வலுவைத் தர மோட்டார் ஏறக்குறைய 1,000 முதல் 1,100 வாற் வரை இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்திலோ அதைப்போல் மூன்று மடங்கு, சிலவேளை அதற்கும் மேலே கேட்கும். ஆகவே ஒரு குதிரைவலு மோட்டாருக்கு 3 கே.வி.ஏ.க்குக் குறைந்த இயந்திரம் திணறும். அரைக் குதிரைவலுவுக்கு 2 அல்லது 2.5 கே.வி.ஏ. போதும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் சில விநாடிகள் மட்டும் தாங்கும் உச்ச வலு. ‘950’ என்று எழுதிய சிறிய இயந்திரம் தொடர்ந்து தருவது 650 வாற் அளவுதான். தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் தொடர்வலுவையே பாருங்கள். 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் என்று இருப்பதையும் பாருங்கள்.

இறைப்புக்கு மட்டும்தான் என்றால் ஜெனரேற்றரே வேண்டாம் என்பேன். எஞ்சினின் வலுவை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தைத் திரும்பவும் சுழற்சியாக்கும்போது ஒரு பங்கு வீணாகிறது. எஞ்சின் பூட்டிய இறைப்பு இயந்திரம் அதே எண்ணெயில் கூடுதலாக இறைக்கும். ஆனால் மேலே நிற்கும் பம்பி 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. கோடையில் தண்ணீர் கீழே போனதும் சிலர் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அதைப் போன்ற ஆபத்து வேறில்லை. எஞ்சின் கக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மேலே வருவதில்லை. ஆழமான கிணறு உள்ளவர்களுக்கு ஜெனரேற்றர் பொருத்தமாவது இதனால்தான்: எஞ்சின் மேலே வெளியில் நிற்கும், மின்மோட்டார் மட்டும் கீழே போகும். அதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். மெல்லிய வயரில் வோல்ற்றளவு விழுந்து மோட்டார் சுருள் எரிந்துவிடும். ஈரமான இடமாதலால் ரிப் சுவிச்சும் நில இணைப்பும் கட்டாயம். சிறிய ஜெனரேற்றர்களில் ரிப் சுவிச்சைச் சும்மா பூட்டினால் அது விழாமலே இருந்துவிடலாம். எனவே மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு செய்வித்து, உங்கள் கண்முன்னே சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி எண்ணெய்ச் செலவு. 2 கிலோவாற் இயந்திரம் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லீற்றர் வரை பெற்றோல் குடிக்கும். மூன்று குமிழுக்காக ஓடவிட்டால் இருபதில் ஒரு பங்கு செலவாகுமா? ஆகாது, பாதிக்குக் கிட்ட ஆகும். வெறுமனே சுழல்வதற்கே அதற்கு எண்ணெய் வேண்டும். ஆகவே இரவு வெளிச்சத்துக்காக இதை ஓட்டுவது காசை எரிப்பதுதான்.

மாற்று வழி உண்டு. பகலில் இறைக்கும்போதே, பக்கத்தில் ஒரு 12 வோல்ற் பற்றரியைச் சார்ஜரில் போடுங்கள். 60 அம்பியர்-மணிப் பற்றரிக்கு 6 அம்பியர் சார்ஜர் போதும். இரண்டு மணி நேர இறைப்பில் 12 அம்பியர்-மணி ஏறும். 5 வாற் குமிழ் மூன்று, இரவில் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் 7 அம்பியர்-மணிக்குள் முடிந்துவிடும். பிள்ளைகள் சத்தமின்றிப் படிக்கலாம். வசதி வந்தபின் அதே பற்றரிக்கு ஒரு சூரியத் தகட்டைப் பூட்டினால், வெளிச்சத்துக்கு எண்ணெயே தேவையில்லை.

“அந்த நாளில் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினோமே?” என்று கேட்பீர்கள். ஓட்டினோம், உண்மை. மண்ணெண்ணெய்க்கென்று செய்த இறைப்பு இயந்திரங்களின் அழுத்தம் குறைவு. பெற்றோலில் சூடாக்கி, பிறகு மாற்றலாம். இன்றைய பெற்றோல் ஜெனரேற்றருக்கு அது ஒத்துவராது. எஞ்சின் தட்டும். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கும்; பெயாரிங் தேய்ந்துபோகும். போதாததற்கு, 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபின் பழைய மலிவும் போய்விட்டது.

பாவித்ததை வாங்குவதானால், விற்பவர் முன்கூட்டிச் சூடாக்கி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சின் மூன்று நான்கு இழுவையில் கிளம்ப வேண்டும். ஓடும்போது ஒரு மின்னழுத்தியைப் பூட்டுங்கள். பக்கத்துக் குமிழ் ஒருமுறை மங்கிப் பின் தெளிந்தால் நல்லது. நான்கடி எஞ்சினில் நீலப் புகை வந்தால் விட்டுவிட்டு வாருங்கள். ஈரடி எஞ்சின் சற்றுப் புகைக்கத்தான் செய்யும்; ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் கலப்பதால் வருவது அது.

வாங்கியதைத் திருத்தமாக வைத்திருக்கப் பெரிய செலவு இல்லை. சத்தத்தைக் குறைக்கப் பழைய ரயர்த் துண்டின்மேல் நிறுத்துங்கள். மூன்றடி தள்ளி மூன்று பக்கம் மண்மூட்டை அடுக்கி, புகைபோகும் பக்கத்தைத் திறந்து விடுங்கள். குழி தோண்டி இறக்கவேண்டாம். காற்றின்றிச் சூடேறும், மழைத்தண்ணீரும் நிற்கும். சைலன்சரில் நீண்ட ஒடுங்கிய குழாய் பூட்டுவதும் எஞ்சினைத் திணறவைக்கும். மேலே நான்கு தடியில் ஒரு தகரம் போதும். தறப்பாளால் சுற்றி மூடுவது கூடாது. நான்கடி எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒயில் மாற்றுங்கள், பிறகு 100 மணிக்கு ஒருமுறை. எத்தனை மணி ஓடியது என்று கொட்டில் கப்பில் கரிக்கோடு போட்டு வைத்தாலும் சரி.

மழையென்றாலும் கொட்டிலுக்குள்ளோ குசினிக்குள்ளோ ஓட்டாதீர்கள். 20 அடிக்கு அப்பால், புகை வாசலை நோக்காமல் நிற்கட்டும். எஞ்சின் ஆறியபின்னரே எண்ணெய் விடுங்கள்.

இடம்மாற வேண்டி வந்தால் எண்ணெய்த் திருகியைப் பூட்டி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காபுறேற்றரில் பழைய பெற்றோல் தங்கிப் பசைபிடித்தால் அடுத்த இடத்தில் கிளம்பாது. தாங்கியிலுள்ளதைக் கலனில் வடித்தெடுத்து, லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் நிமிர்த்தியபடியே கட்டுங்கள். சரித்துக் கிடத்தினால் ஒயில் காற்றுவடிக்குள் இறங்கிவிடும்.