நோயைத் தடுக்கும் மாஸ்க், நர்சுகள் முகத்தைப் பதம் பார்க்கிறது!

மூக்கில் புண், முகத்தில் பரு, மண்டையில் வலி

டாக்டர், நர்சுகளை நோயிலிருந்து காப்பாற்றும் மாஸ்க், அவர்கள் முகத்தையே பதம் பார்க்கிறது. மூக்குத் தண்டில் புண், கன்னத்தில் பரு, ஓயாத அரிப்பு, விண் விண் என்று தலைவலி!

இது வெறும் முணுமுணுப்பு அல்ல. சிங்கப்பூர் டாக்டர்கள் கணக்கெடுத்துச் சொன்ன விஷயம்.

2020-ல் கொரோனா வந்தபோது நாமும்தான் மாஸ்க் போட்டோம். பஸ்சில் அரை மணி நேரம் போவதற்குள் "எப்படா கழட்டுவோம்"னு இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து தாடைக்கு இறக்கி விட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்!

தொற்றுநோய் வார்டில் நிற்கும் நர்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

100-க்கு 95

அவர் போடுவது 'என்-95' மாஸ்க். காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களில் 100-க்கு 95-ஐயாவது தடுத்துவிடும் என்பதால் இந்தப் பெயர்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஓரத்தில் இடுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் காற்று குறுக்கு வழியில் உள்ளே புகுந்துவிடும். அதனால் மாஸ்க் முகத்தை இறுக்கிப் பிடித்தே ஆக வேண்டும். தொல்லையும் அங்கேதான் ஆரம்பம்.

சிங்கப்பூர் கணக்கு

2003-ல் சிங்கப்பூரில் சார்ஸ் நோய் பரவியது. 238 பேருக்கு நோய் வந்தது. 33 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் சுமார் 10-க்கு 4 பேர் ஆஸ்பத்திரி ஊழியர்கள்! அவர்களுக்கு மாஸ்க் உயிர்க்கவசம் ஆயிற்று.

பிறகு தோல் டாக்டர்கள் விசாரித்தார்கள். 'என்-95' போட்டு வந்த 307 ஊழியர்களில் 109 பேர் முகத்தில் தொல்லை என்றார்கள். அந்த 109 பேரில் 65 பேருக்குப் பரு, 56 பேருக்கு அரிப்பு, 39 பேருக்குத் தடிப்பு. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொல்லை. இந்தக் கணக்கு 2006-ல் வெளிவந்தது.

அதே ஆண்டில் வந்த இன்னொரு கணக்கில், 212 பேரில் 79 பேர் மாஸ்க்கால் தலைவலி என்றார்கள்.

2020-ல், கொரோனா காலத்தில் மீண்டும் கேட்டார்கள். கவசங்கள் போட ஆரம்பித்த பிறகு, 158 பேரில் 128 பேருக்குப் புதிதாகத் தலைவலி! தினமும் 4 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களிடம் இது அதிகம்.

ஏன் வருகிறது?

மூக்குத் தண்டில் சதை குறைவு. எலும்பின் மேல் மெல்லிய தோல்தான். மணிக்கணக்கில் அழுத்தினால் ரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் சிவக்கும். பிறகு தோல் உரிந்து புண்ணாகும்.

மூச்சின் சூடும் ஈரமும் மாஸ்க்குக்குள்ளேயே தங்குகின்றன. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து தோல் துவாரங்களை அடைக்கின்றன. பரு கிளம்புகிறது. நாடா தலையை இறுக்குவதும் தலைவலிக்கு ஒரு காரணம்.

ஆபத்து எங்கே?

புண் வலித்தால் கை தானாக நாடாவைத் தளர்த்தும். அரித்தால் விரல் முகத்துக்குப் போகும். "கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டும்" என்று மூக்கில் பஞ்சை வைத்தால், அங்கே இடுக்கு விழும். எப்படிப் பார்த்தாலும் கிருமிக்குக் கதவு திறந்தாச்சு!

எனவே இது முக அழகு பற்றிய பேச்சு அல்ல. உயிர்ப் பிரச்சினை.

வழி என்ன?

மாஸ்க்கைத் தூக்கி எறிவது வழி அல்ல. ஒரே அளவு எல்லா முகத்துக்கும் சரிப்படாது. அவரவர் முகத்துக்குப் பொருந்துவதைக் கொடுத்து, காற்று கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன்பே தோலில் ஈரப்பசை கிரீம் தடவி, ஊற விட வேண்டும். மூக்கில் மெல்லிய பட்டை ஒட்டினால் மறுபடியும் கசிவு சோதனை அவசியம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ஓய்வு. சில மணி நேரத்துக்கு ஒரு முறை வார்டை விட்டு வெளியே வந்து, கையைக் கழுவி, மாஸ்க்கைக் கழற்றி முகத்துக்குக் காற்றுக் காட்ட வேண்டும்.

அந்த நேரத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நர்சு வேண்டுமே? கிரீம் மருந்துக் கடையில் கிடைக்கும். மாற்று ஆள் கடையில் கிடைக்க மாட்டார். அவரை ஆஸ்பத்திரி நிர்வாகம்தான் தர வேண்டும்!