இடியனும் முதல் வெடியும்



நோர்வேயின் வேட்டையாளர் தேர்வு பற்றி நான் பேசிய உரைக்குப் பிறகு, நேயர்கள் சிலர் தொலைபேசியில் அழைத்து ஒரே விடயத்தைக் கேட்டார்கள். "எங்கட ஊரில இருந்த இடியன் மாதிரி ஒன்றை இங்கே வைத்திருக்கலாமா? அதால வேட்டையாடலாமா? எதை வாங்கிறது, எவ்வளவு மருந்து போடுறது?" வானொலியில் அரை மணித்தியாலத்தில் சொன்ன பதிலை இந்த மாத இதழுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். இடியன் என்பது குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு, இடிகோலால் இடித்து இறுக்கிச் சுடும் துவக்கு. வன்னியில் என் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது. பன்றியிடமிருந்து வயலைக் காப்பதற்கென்று வைத்திருந்தார். மருந்து, அதன் மேல் தும்பு, அதன் மேல் ஈயச் சன்னம், மறுபடியும் தும்பு. அளவு எல்லாம் உள்ளங்கைக் கணக்குத்தான். அந்தக் குழலுக்குள் புரி கிடையாது. இருபது முப்பது அடிக்குள் நின்ற பன்றி விழும். அதற்கு அப்பால் நின்றது காயத்தோடு காட்டுக்குள் ஓடும். நான் சொல்லவந்த முழு விடயமும் அந்த ஓடிய பன்றியில்தான் இருக்கிறது. மருந்தளவைத் தேடுவது துவக்குக்காரரின் பெருமைக்கான வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது விலங்குக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.

நோர்வேயின் சட்டம் என்ன சொல்கிறது?

வாங்குவதைப் பற்றிப் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். இங்கே எல்க், யொர்ட், காட்டு ரெயின்மான் போன்ற பெரிய விலங்குகளைச் சுடும் குண்டு, உடலில் பட்டதும் விரியும் வகையாக இருக்கவேண்டும். குண்டின் நிறை 10 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் 100 மீற்றரில் அதற்கு 2200 யூல் சக்தி வேண்டும். 9 முதல் 10 கிராம் வரையான குண்டென்றால் 2700 யூல். ரோடீர் என்ற சின்ன மானுக்கு 980 யூல்.

இப்போது ஒரு கணக்குப் பார்ப்போம். இடியன்களில் மிகவும் பரவலான அளவு ஐம்பது கலிபர், அதாவது 12.7 மில்லிமீற்றர் குழல். அதற்கான ஈய உருண்டையின் நிறை ஏறக்குறைய 11.4 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது செக்கனுக்கு 500 மீற்றர் வேகம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 1425 யூல் வருகிறது. குழல் வாயிலேயே 2200 இல்லை. உருண்டை காற்றில் மிக விரைவாக வேகம் இழக்கும். 100 மீற்றரில் அது 320 மீற்றராகக் குறைந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 580 யூல்தான். ரோடீருக்கும் போதாது.

நீளமான கூம்புக் குண்டு போட்டால்? 25 கிராம் குண்டுக்கு 100 மீற்றரிலும் செக்கனுக்கு 420 மீற்றர் வேகம் இருந்தால் 2200 யூல் கிடைக்கும். அதற்குக் கனமான மருந்தும் அதைத் தாங்கும் குழலும் தோளும் வேண்டும். ஆகவே கேட்ட நேயர்களுக்கு என் நேரடிப் பதில் இது: நோர்வேயில் உருண்டை சுடும் இடியனைச் சுடுகளத்துக்கென்று வாங்குங்கள். எல்க் வேட்டைக்கு நானும் சாதாரண 6.5 மில்லிமீற்றர் ரைபிளைத்தான் கொண்டுபோகிறேன்.

அப்படியானால் வேட்டை மருந்தளவைப் பற்றி ஏன் பேசவேண்டும்? கனடாவின் ஒன்ராறியோவில் வில்லுக்கும் வாய்வழித் துவக்குக்கும் மட்டுமென மான் வேட்டைப் பருவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சக்கிமுக்கிக்கல் துவக்குக்கென்றே ஒரு பருவம் உண்டு. உங்கள் உறவினர்கள் அங்கே இருக்கிறார்கள். அதோடு, இடியனில் பழகும் ஒழுங்கு எந்த ரைபிளுக்கும் பொருந்தும்.

எதைத் தெரிவது?

மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, உருண்டையா கூம்பா? குழலுக்குள் இருக்கும் புரி எவ்வளவு தூரத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதே இதைத் தீர்மானிக்கும். உருண்டைக்கு மெதுவான சுற்றுப் போதும். 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழல்கள் அதற்கானவை. நீளமான குண்டு பம்பரம்போல வேகமாகச் சுழன்றால்தான் தலைகுப்புறப் புரளாமல் போகும். அதற்கு 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போன்ற வேகமான புரி வேண்டும். குழலுக்குப் பொருந்தாத குண்டை வாங்கிவிட்டு மருந்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது, எதனால் பற்றவைப்பது? சக்கிமுக்கிக்கல் துவக்கில் வெளியே ஒரு சட்டியில் மருந்து மின்னி, பிறகுதான் உள்ளே பற்றும். அந்த மின்னலைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்று அலுத்துப்போன அலெக்சாந்தர் போர்சைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், தட்டினால் வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்துதான் பின்னாளில் கேப்பு வந்தது. புதிதாகத் தொடங்குபவருக்குக் கேப்புத் துவக்கே இலகு. ஈரமான நோர்வே இலையுதிர்காலத்தில் அது கல்லைவிட நம்பிக்கையானது.

மூன்றாவது, புதியதா பழையதா? இத்தாலியின் பெடர்சோலி போன்ற நிறுவனங்கள் பழைய வடிவங்களைப் புதிய உருக்கில் செய்து விற்கின்றன. பழையதை வாங்குவதென்றால் முதலில் இடிகோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். கோல் அடிவரை போகவில்லையென்றால் உள்ளே யாரோ போட்ட மருந்து இன்னும் இருக்கலாம். அலங்காரமாகச் சுவரில் தொங்கிய துவக்குகளிலும் இது நடக்கும். பிறகு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுங்கள். செந்நிறமாக வந்தால் துரு. துரு தின்ற குழலில் சுடுவது ஆபத்து.

எதை வாங்குமுன்னும் அனுமதி பற்றிப் பொலிசிடம் கேளுங்கள். கரிமருந்துச் சுடுவோருக்கென்று நோர்ஸ்க் ஸ்வார்ட்குருட்யூனியன் என்ற ஒன்றியம் இங்கே இருக்கிறது. அனுபவமுள்ளவர்களை அங்கே காணலாம்.

மருந்தளவைத் தேடுவது

கரிமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு கொண்ட கலவை. இதற்குப் பதிலாக இக்காலப் புகையற்ற மருந்தை ஒருபோதும் போடக்கூடாது. துவக்கு வெடித்துக் கையையும் கண்ணையும் கொண்டுபோகும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றவும் கூடாது. உள்ளே ஒரு கனல் மிஞ்சியிருந்தால் குடுவையே வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்துத்தான் ஊற்றவேண்டும்.

தேடலின் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. குண்டு, அதைச் சுற்றும் பருத்தித் துணி, துணிக்குப் பூசும் கொழுப்பு, கேப்பு ஆகிய நான்கையும் முதலில் நிலையாக வைத்திருங்கள். துவக்குச் செய்தவரின் கையேட்டில் உள்ள மிகக் குறைந்த மருந்தளவில் தொடங்குங்கள். 50 மீற்றரில் மணல்மூட்டையில் தாங்கி ஐந்து வெடி. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஒரே மாதிரி ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்துணியால் ஒரு தடவை குழலைத் துடையுங்கள். ஐந்து துளைகளில் ஆகத் தூரமான இரண்டுக்கும் இடையே அளந்து எழுதுங்கள். பிறகு 5 கிரெயின், அதாவது 0.32 கிராம், கூட்டி மறுபடியும் ஐந்து. கையேட்டின் உச்ச அளவை எக்காரணம் கொண்டும் தாண்டவேண்டாம்.

என் துவக்கில் 60 கிரெயினுக்கு 6 சென்ரிமீற்றர், 65க்கு 5, 70க்கு 6, 75க்கு 9 என்று வந்தது. நான் 65ஐ எடுத்தேன். 5 சென்ரிமீற்றர் என்பதைவிட, அதன் இரு பக்கத்து அளவுகளும் நன்றாக இருந்ததே முக்கிய காரணம். காட்டில் கை நடுங்கி அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் குண்டு வேறெங்கும் போகாது. இரு பக்கமும் மோசமாக, நடுவில் ஒன்று மட்டும் அழகாக வந்தால் அதை நம்பாதீர்கள். அது அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

சுட்ட பிறகு துவக்குக்கு முன்னால் விழுந்து கிடக்கும் துணிகளைப் பொறுக்கிப் பாருங்கள். முழுதாக, நடுவில் கறுப்புப் படிந்து, ஓரம் மட்டும் பிசிறியிருந்தால் நல்லது. கிழிந்திருந்தால் புரியின் விளிம்பு வெட்டுகிறது. எரிந்து துளைபட்டிருந்தால் துணி மெல்லியது, நெருப்பு குண்டைத் தாண்டி ஓடுகிறது. இதைப் பார்த்துத்தான் அடுத்ததாகத் துணியின் தடிப்பை மாற்றவேண்டும்.

குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்காரவேண்டும். இடையில் வெளி இருந்தால் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். சரியாக உட்கார்ந்தபோது இடிகோலில் வாயருகே ஒரு கோடு கீறி வையுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு வாய்க்கு வந்தால்தான் கேப்பைப் பொருத்தவேண்டும்.

முதல் வெடி

இதுவரை சொன்னது சுடுகளத்துக்கான தேடல். வேட்டைக்கு இது மட்டும் போதாது. கரிமருந்தின் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் கழிவாகவே மிஞ்சும். ஐந்து வெடிகளில் இரண்டாவதிலிருந்து எல்லாம் சற்று அழுக்கான, சூடேறிய குழலிலிருந்து போகின்றன. காட்டிலோ விலங்கை நோக்கிப் போவது சுத்தமான, குளிர்ந்த குழலின் முதல் வெடி. பெரும்பாலும் அது ஒன்றுதான் கிடைக்கும்.

அதனால் ஐந்து வெவ்வேறு நாட்களில் சுடுகளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நாளும் முதல் வெடியை மட்டும் ஒரே அட்டையில் சுடுங்கள். அட்டையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் மழை, ஒரு நாள் உறைபனி என்று இருப்பது நல்லதே. மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்த பூச்சு குளிரில் இறுகும், குண்டு போகும் இடம் மாறும். ஐந்து நாட்களின் ஐந்து துளைகள் காட்டும் வட்டமே உங்கள் உண்மையான திறமை. அந்த வட்டம் விலங்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்துக்குள் அடங்கும் தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம். அது 50 மீற்றர் என்றால் 50தான். 60இல் நிற்கும் மான் உங்களுடையதல்ல. 50 மீற்றருக்குக் குறிவைத்த உருண்டை 100 மீற்றரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே போகும் என்பதையும் மறக்கவேண்டாம்.

நவீன ரைபிளோடு எல்க் வேட்டைக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பெரிய விலங்குக்கான வருடாந்தச் சுடுதேர்வில் 100 மீற்றரில் ஐந்து வெடிகளும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழவேண்டும். அது ஆகக் குறைந்த தகுதி. எல்க், யொர்ட், ரோடீர் வேட்டைக்குப் போகிறவர், காயப்பட்ட விலங்கைத் தேடும் அங்கீகரிக்கப்பட்ட நாய் ஒன்றை அழைக்கும் ஏற்பாட்டோடுதான் போகவேண்டும் என்றும் விதி இருக்கிறது. காயத்தோடு ஓடிய விலங்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக இங்கே அனுமதியில்லை.

எங்கள் தேசத்தில் இன்றும் வீட்டில் செய்த இடியன்களைக் கம்பியில் பூட்டிக் கட்டுத்துவக்காக வைக்கிறார்கள். வெடிபட்ட யானைகள் புண் சீழ்பிடித்துப் பல நாள் துடித்துச் சாகின்றன. விறகுக்குப் போனவர்கள் காலை இழக்கிறார்கள். யார் சுடுவது, எதைச் சுடுவது, எங்கே படும் என்று எதுவுமே தெரியாத வெடி அது. நான் மேலே சொன்ன ஒழுங்கு முழுவதும் அதற்கு நேர்மாறானது.

கடைசியாக ஒரு வேலை. சுட்ட அன்றே வெந்நீரால் குழலைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். கழிவு ஈரத்தை இழுக்கும், ஓரிரவிலேயே துரு பிடிக்கத் தொடங்கும். துரு பிடித்த குழலில் நீங்கள் தேடிக் கண்ட மருந்தளவு இனிச் செல்லாது.

கேள்விகள் இருந்தால் வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள். அடுத்த உரையில் பதில் சொல்கிறேன்.