காட்டுப்பன்றிக் கறி உண்ணத் தகுந்ததா?

பிரெஞ்சுக்காரர் காலத்தில் தனிக் கொம்யூனாக இருந்த முதலியார்பேட்டை இன்று புதுச்சேரி நகரத்தோடு கலந்துவிட்டது. வேல்ராம்பட்டு ஏரியைச் சுற்றிலும் வீடுகளாகிவிட்டன. காட்டுப்பன்றி இங்கு வருவதில்லை. வாய்க்கால் ஓரம் திரிவதெல்லாம் தெருப்பன்றிகளே. ஆனால் காட்டுப்பன்றிக் கறி மட்டும் வருவதுண்டு. செஞ்சிக் குன்றுகள், கல்வராயன் மலை ஆகியவற்றின் அடிவாரத்தில் மல்லாட்டை, மரவள்ளி, கரும்பு பயிரிடுவோர் பன்றியால் படும் பாடு சொல்லி முடியாது. ஓர் இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் அரை ஏக்கர் மல்லாட்டையை உழுது போட்டுவிடும். அடித்த பன்றியின் கறி தெரிந்தவர் வழியாக நகரத்துக்கு வருகிறது. மூலத்துக்கு நல்லது, உடலுக்குச் சூடு என்று சொல்லி விலையும் கூடுதலாக வைக்கிறார்கள். இந்த மருத்துவப் பேச்சுக்கு ஆதாரம் ஏதுமில்லை.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியைத் தாமாகக் கொல்வது குற்றம். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு அது இரண்டாம் அட்டவணையில் உள்ளது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிருக்கு ஆபத்து என்று கண்டால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதிக்கலாம். அப்படிச் சுடப்பட்ட பன்றியும் அரசின் சொத்தே. கறி நில உடைமையாளருக்குச் சேராது. கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே சுட உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டது. அங்கும் சுட்டதைப் புதைத்துவிட வேண்டும் என்பதே விதி.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறையில், காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட முடியாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். இது தமிழ்நாட்டு நிலத்துக்கு மட்டும். மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் பக்கம் புதுவை நிலமும் தமிழ்நாட்டு நிலமும் பின்னிக் கிடப்பதை எல்லோரும் அறிவார்கள். ஒரே வரப்பின் இருபுறமும் நிலம் வைத்திருப்பவர், எந்தப் புலம் எந்த அரசுக்கு உரியது என்று பார்த்து, அந்தந்த வனத்துறைக்கே மனுக் கொடுக்க வேண்டும்.

இனிக் கறியைப் பற்றி. வீட்டுப் பன்றியைவிடக் கொழுப்புக் குறைவு, நிறம் சிவப்பு, இளம் பன்றியானால் ருசியும் உண்டு. ஆனால் பெருமையாகப் பேசப்படுவது நூறு கிலோவைத் தாண்டிய கிழட்டு ஆண் பன்றி. அதன் கறி நார் நாராக இருக்கும். கொழுப்பில் மூத்திர வாடை அடிக்கும். காயடிக்காத ஆண் பன்றியின் கொழுப்பில் சேரும் பொருட்களே இதற்குக் காரணம். எவ்வளவு மிளகும் பூண்டும் போட்டாலும் அந்த வாடை முழுதும் போகாது. குண்டடிபட்டோ, வெடி கடித்தோ குடல் கிழிந்திருந்தால் சாணம் கறியில் கலந்துவிடும். நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே அது கெடத் தொடங்கும். கைக்கு வந்த பொட்டலத்தில் இதையெல்லாம் கண்டறிய வழியில்லை.

நோய் வேறு இருக்கிறது. அறுத்துச் சுத்தம் செய்பவருக்குக் கைக்காயம் வழியாகப் புருசெல்லா, எலிக்காய்ச்சல் கிருமிகள் தொற்றலாம். தசையில் சுருண்டு கிடக்கும் டிரைக்கினெல்லா புழு அரைவேக்காட்டுக் கறி மூலம் மனிதருக்கு வரும். உப்புக்கண்டம் போட்டாலும் புகை போட்டாலும் இப்புழு சாகும் என்று நம்ப முடியாது. நன்கு வேக வேண்டும். நடுத்துண்டிலும் சிவப்பு இருக்கக் கூடாது.

தெருப்பன்றி இதைவிட மோசம். மனித மலம் தின்று திரியும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் அரிசி போலக் காணப்படும். வேகாத கறியைத் தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தில் வெளியேறும் முட்டை சோற்றிலோ நீரிலோ கலந்தால், பன்றிக்கறியே தொடாதவர் மூளையிலும் கட்டி உண்டாகி வலிப்பு வரும். மலிவாகக் கிடைக்கிறது என்று அதன் பக்கம் போகவே வேண்டாம்.

பன்றி வளர்ப்போர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அசாமில் நுழைந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் இதனால் மாண்டன. மனிதருக்கு இது வராது. வெண்பன்றிப் பட்டிக்குள் புகுந்தால் பட்டியே காலியாகும். காட்டுப்பன்றியின் எலும்பு, கழிவு, கழுவிய நீர் எதையும் பட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. ஓட்டல் கழிவைத் தீனியாகப் போடுவோர் கொதிக்க வைத்தே போட வேண்டும். பன்றிக்கறிதான் வேண்டுமென்றால், கால்நடை மருத்துவர் பார்த்து அறுத்த வெண்பன்றிக் கறி விலையிலும் குறைவு, ருசியிலும் குறைவில்லை.

பயிரைக் காக்க, கம்பியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவோர் இன்னும் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அவுட்டுக்காய் வைப்பதும் அப்படியே. மாடு கடித்தாலும் வாய் சிதறும். மல்லாட்டையைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கி விதைப்பது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆமணக்கு வாடையில் மல்லாட்டை மணம் மறைந்துவிடும். சவரக்கடை முடியை வாங்கி வரப்போரம் தூவுவதும் உண்டு. மண்ணை முகர்ந்து வரும் பன்றியின் மூக்கில் முடி ஏறித் தொல்லை தரும். மழை பெய்து முடி மண்ணோடு போய்விட்டால் மறுபடி தூவ வேண்டும். காய் முற்றும் கடைசி மூன்று வாரத்தில் இதில் சோம்பக் கூடாது.