உத்திரம் மாற்றுதல்

வீட்டில் குடியிருப்போர் தரையைப் பெருக்குகிறார்கள், சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், கதவுக்கு எண்ணெய் பூசுகிறார்கள். உத்திரத்தை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பல்லி சொல்லும்போது அண்ணாந்து பார்ப்பதோடு சரி. ஆயினும் அந்த வீட்டில் இரவு பகல் ஓய்வின்றிச் சுமை தாங்கி நிற்பது அது. முதுமையாலோ கரையானாலோ அது தளர்ந்துவிட்டால், அதன் தலைமேலுள்ள பாரத்தை இறக்காமலே அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது எங்ஙனம்? இன்று அதைச் சொல்ல விரும்புகிறேன்.

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லியின் பழைய தெருக்களிலும், திருமுல்லைவாயில், அம்பத்தூர்ப் பக்கத்துப் பழைய மனைகளிலும் 'மெட்ராஸ் டெரஸ்' என்னும் ஒட்டுத்தளம் போட்ட வீடுகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றி, கான்கிரீட் வீடுகள் பெருகியபின் இவ்வகை அருகிவிட்டது. அதன் அமைப்பு நேர்த்தியானது. அறையின் குறுக்கே ஒரு பெரிய உத்திரம். அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சிறு கட்டைகள். கட்டைகளுக்கு மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, சாய்வாட்டமாக, பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. இத்தளம் கோடையில் குளுமை தரும். ஆனால் கனமானது.

எவ்வளவு கனம்? கணக்குப் பார்ப்போம். தளத்தின் மொத்தப் பருமன் 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இத்தகைய செங்கல் வேலை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ நிறுக்கும். ஆகவே ஒரு சதுர மீட்டர் தளம் 380 கிலோ. அறை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நடுவில் குறுக்காக ஓர் உத்திரம். அதன் இருபுறத்திலிருந்தும் ஒன்றரை ஒன்றரை மீட்டர் தளம் அதன்மேல் சாய்கிறது. 12 சதுர மீட்டர். பெருக்கினால் 4,560 கிலோ. வளர்ந்த ஆண் யானை ஒன்று மேலே நிற்பதற்குச் சமானம் இது. மாடியில் வடாம் காயவைக்க ஏறுகிற பாட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பூவிருந்தவல்லியில் நான் கவனித்து வந்த வீடொன்றில் இதே அளவுள்ள கூடம் இருந்தது. உத்திரம் நல்ல தேக்கு. நடுப்பகுதியைத் தட்டினால் 'டங்' என்ற ஓசை. சுவருக்குள் புகும் முனையைத் தட்டினால் பறை கிழிந்தாற்போன்ற ஓசை. மரம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் காற்றுப்படாமல், ஈரம் கோத்து நிற்கும் முனையில்தான் கெடும். ஏரிகள் நிறைந்த அப்பகுதியில் சுவரில் ஈரம் ஏறுவது புதுமையன்று. ஈரம் வந்த வழியே கரையானும் வந்துவிட்டது. துளை ஊசியால் குத்தியபோது ஒரு சாண் ஆழத்துக்கு எதிர்ப்பே இல்லை.

வீட்டுக்காரருக்கு வேறோர் ஆசையும் இருந்தது. உத்திரம் மாற்றும் சாக்கில், பக்கத்து அறைச் சுவரையும் இடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்றார். இங்கேதான் மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். சுவர் இருந்தவரை 3 மீட்டர் தாவிய கட்டை, சுவர் போனபின் 6 மீட்டர் தாவ நேரிட்டால், அதை வளைக்கும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. தொய்வோ பதினாறு மடங்கு. பாரத்தைச் சுமக்கும் சுவர் எது, வெறும் மறைப்புச் சுவர் எது என்று அறியாமல் கடப்பாரையை எடுப்பவர், தம் தலைமேல் எடுக்கிறார்.

உத்திரத்தின் வலிமை எதைப் பொறுத்தது என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கலிலியோ. 1638-இல் லெய்டன் நகரில் வெளியான நூலில், சுவரில் பதித்த மரத்தின் நுனியில் பாரத்தைத் தொங்கவிட்டு விவாதிக்கிறார். அவர் கண்ட அளவில் ஒரு பிழை இருந்தது, பின்வந்தோர் திருத்தினர். ஆனால், அகலத்தைவிட உயரமே பெரிது என்ற அடிப்படை அவருடையது. உங்கள் அடிக்கோலைப் படுக்கவைத்து வளையுங்கள். பிறகு விளிம்பின்மேல் நிறுத்தி வளைக்க முயலுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் உள்ள கட்டையைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைத்தால் வலிமை இருமடங்கு, விறைப்பு நான்கு மடங்கு. மரம் அதே மரம்தான்.

சுவரை இடிப்பதில்லை என்று முடிவாயிற்று. அத்தனை நீளத் தேக்கின் விலை வீட்டுக்காரரைத் திடுக்கிட வைத்தது. ஆகவே 20 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆங்கில 'ஐ' எழுத்தைப் போன்ற இரும்பு உத்திரம் தேர்ந்தோம். மீட்டருக்கு 25 கிலோ எடை.

பெரிய மேஸ்திரி வந்தவுடன் தளத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "ஐயா, மேலே இருக்கிற பாரம் எங்கே போய் இறங்கப் போகிறது என்று முதலில் பாருங்கள்" என்றார். இந்தத் தொழிலின் சாரமே அவ்வாக்கியம் என்பேன். உத்திரத்தின் இருபுறமும், வேலைக்கு இடம் விட்டு, வரிசைக்கு ஐந்தாகச் சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்தோம். ஒரு கழிக்குச் சுமார் 450 கிலோ பங்கு. கழியின் தலையில் குறுக்குக் கட்டை, காலடியில் அகலமான பலகை. பலகை இல்லையேல் கழி தரையைத் துளைத்து இறங்கிவிடும். நடுவில் ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்தோம். மெல்லிய கழி நசுங்கிக் கெடுவதில்லை, வில்லாய் வளைந்தே கெடுகிறது. நீளம் இரட்டித்தால் தாங்கும் திறன் கால் பங்காகிவிடும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் காட்டினார். கீழே நிலவறையோ, வேறு தளமோ இருந்தால் முட்டு அதனூடேயும் மண்வரை தொடர வேண்டும்.

பிறகு ஆப்புகளை எதிரெதிராக அடித்து இறுக்கினோம். தளத்தைத் தூக்குவதற்கன்று, பாரம் கழிக்கு மாறுவதற்கு மட்டுமே. இளைஞர் ஒருவர் ஜாக்கி வைத்துத் தொய்வை நிமிர்த்திவிடலாம் என்றார். பல்லாண்டு காலமாகத் தொய்ந்த வடிவிலேயே பழகிப்போன சுண்ணாம்புத் தளத்தை ஒரே நாளில் நிமிர்த்தினால் அது பிளந்துபோகும். சுவரில் முன்பே இருந்த வெடிப்புகளின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைச் சாந்தால் ஒட்டினோம். சுவர் இம்மியளவு அசைந்தாலும் சில்லு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பழைய உத்திரத்தைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கினோம். அடுத்தது, நுனிகள் அமரும் இடம். மேலே ஆட்கள் ஏறுவதையும் சேர்த்தால் ஒவ்வொரு நுனியிலும் 3 டன் இறங்குகிறது. இரும்பின் அடிப்பாகம் 10 சென்டிமீட்டர் அகலம். சுவரில் 20 சென்டிமீட்டர் அமர்கிறது. 200 சதுர சென்டிமீட்டரில் 3,000 கிலோ என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோ. பழைய சுண்ணாம்புச் சுவர் இதைத் தாங்காது. ஆகவே 40-க்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள கருங்கல்லை முதலில் பதித்தோம். அழுத்தம் இரண்டரைக் கிலோவாகக் குறைந்தது. பலர் இக்கல்லை வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். உத்திரம் ஒடியாமல் சுவர் நொறுங்கிய வீடுகள் உண்டு.

சிவப்புப் பூச்சுப் பூசிய இரும்பை ஏற்றி, கட்டைகளுக்கும் அதற்கும் இடையே இருந்த சந்துகளில் இரும்புத் தகடுகளைச் செருகி, நுனிகளைச் சிமெண்டுச் சாந்தால் இறுக்கி, ஒரு வாரம் தொடாமல் விட்டோம். வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் "இன்றைக்கு முட்டை எடுக்கலாமா?" என்று கேட்டார். போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டதை நினைவூட்டினேன். அது முற்றிலும் வேறுவகைக் கட்டிடம் என்றாலும், அவ்விடம் அவர் வீட்டிலிருந்து தொலைவில்லை. அப்புறம் கேட்கவில்லை.

எட்டாம் நாள் நடுக்கழியின் ஆப்பை முதலில் தளர்த்தினோம், பிறகு அதன் இருமருங்கும், கடைசியாகச் சுவரோரத்தவை. மாற்றி எடுத்தால் நடுக்கழி ஒன்றே பாரமனைத்தையும் ஏற்கும். உத்திரமும் தான் எண்ணிப் பாராத விதமாக வளையும். கணக்குப்படி நடுவில் 8 மில்லிமீட்டர் தொய்ய வேண்டும். நூல் கட்டி அளந்தோம், 6 இருந்தது. கண்ணாடிச் சில்லுகளில் ஒன்றும் உடையவில்லை. மழைக்காலம் முடியும்வரை அவற்றை எடுக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்.